கத்தியா, புறாவா: கிறிஸ்தவ ஓவியங்களில் யூதச் சடங்கை அடையாளம் காண்பது எப்படி

ஃபுளோரன்ஸ் நகரத்து உஃபிஸி அருங்காட்சியகத்தில் அம்ப்ரோஜியோ லொரென்ஸெட்டி 1342-ல் வரைந்து முடித்த ஒரு படம் இருக்கிறது. சியன்னா பேராலயத்தின் பலிபீடம் ஒன்றுக்காக வரைந்தது. தூண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும் பெரிய கோவில், நடுவில் பலிபீடம், அதன் பின்னால் நிற்கும் குருவின் கையில் கத்தி. வலப்பக்கம் ஒரு முதியவர் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிறார், குழந்தை வாயில் விரலை வைத்திருக்கிறது. கத்தியும் குழந்தையும் ஒரே படத்தில் இருப்பதைப் பார்த்தவுடன் இது விருத்தசேதனம்தான், அதாவது ஆண் குழந்தையின் குறியின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்குதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அது தவறு. அந்தக் கத்தி குழந்தைக்கானது இல்லை, குருவின் கையில் இருக்கும் புறாவுக்கானது.

இந்தத் தவறை நிறைய பேர் செய்கிறார்கள். படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் காரணம். அதனால் நான் சொல்லும் முதல் வேலை, படத்தை மூடி வைத்துவிட்டு வேதாகமத்தைத் திறப்பது. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை, நான்கு பகுதிகள் போதும்: லூக்கா இரண்டாம் அதிகாரம், லேவியராகமம் 12, யாத்திராகமம் 12, 13. (கத்தோலிக்கத் தமிழ்ப் பதிப்பில் யாத்திராகமத்துக்கு விடுதலைப் பயணம் என்று பெயர்.) அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். சடங்கு என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால், ஓவியர் எதை அப்படியே வைத்தார், எதை இடம் மாற்றினார் என்பது தானாகவே கண்ணில் படும்.

லூக்காவில் இரண்டு தனித்தனி நாட்கள் வருகின்றன. எட்டாம் நாள் விருத்தசேதனம். அன்றுதான் குழந்தைக்கு இயேசு என்று பெயர் வைக்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு வசனம்தான், எங்கே நடந்தது என்று ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அப்புறம் நாற்பதாம் நாள், எருசலேம் தேவாலயம். ஆண் குழந்தை பெற்ற தாய் ஏழு நாள், அதற்கு மேல் 33 நாள் தீட்டுக் காத்து, பிறகு பலி கொண்டுவர வேண்டும் என்பது லேவியராகமச் சட்டம். ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்றும், பாவநிவாரணத்துக்கு ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லையென்றால் இரண்டு புறா போதும். லூக்கா சொல்வது "ஒரு ஜோடு காட்டுப்புறா" அல்லது இரண்டு புறாக்குஞ்சு. ஆட்டைப் பற்றிய பேச்சே இல்லை. இது வசதியில்லாத வீட்டுக் குழந்தை என்று அந்த ஜோடிப் புறாவே சொல்லிவிடுகிறது. யோசேப்பின் கையிலோ ஒரு கூடையிலோ புறாக்களைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பதுவாவில், ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயச் சுவரில் ஜோத்தோ 1305-ஐ ஒட்டி வரைந்த காட்சியிலும் யோசேப்பு புறாக்களோடுதான் நிற்கிறார், குழந்தையோ முதியவர் கையிலிருந்து அம்மாவை நோக்கிக் கையை நீட்டுகிறது.

ஆக, புறா இருந்தால் நாற்பதாம் நாள். சிமியோன் என்ற முதியவரும் அன்னா என்ற வயதான பெண்ணும் இருந்தால் அதே நாள்தான், சந்தேகமே வேண்டாம். புறா இல்லாமல், குழந்தையின் உடை விலக்கப்பட்டு, ஒருவர் குனிந்தோ மண்டியிட்டோ கையில் சிறு கத்தி வைத்திருந்தால் எட்டாம் நாள். சில ஓவியர்கள் இரண்டு நாளையும் ஒரே கோவிலுக்குள் வைத்துவிடுவதால், கத்தியை மட்டும் நம்பாதீர்கள். அது எதை நோக்கி இருக்கிறது என்று பாருங்கள்.

மெழுகுவர்த்திகள் இருந்தாலும் நாற்பதாம் நாளுக்கே வாருங்கள், ஆனால் அவை யூதச் சடங்கு இல்லை. டிசம்பர் 25-லிருந்து நாற்பது நாள் எண்ணினால் பிப்ரவரி 2 வரும், அன்று ஆலயங்களில் மெழுகுவர்த்தி மந்திரித்து ஊர்வலம் போகும் வழக்கம் உண்டு. குழந்தையைப் பிற இனத்தாருக்கு ஒளி என்று சிமியோன் பாடியதிலிருந்து வந்தது அது. ஸ்டெஃபான் லொக்னர் 1447-ல் வரைந்த, இப்போது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் படத்தில் சிறுவர்கள் வரிசையாக மெழுகுவர்த்தி ஏந்தி வருவதைப் பார்க்கலாம். அந்தச் சிறுவர்கள் எருசலேமில் இருந்தவர்கள் இல்லை, ஓவியர் தன் ஊரில் பார்த்த ஊர்வலத்திலிருந்து வந்தவர்கள்.

விருத்தசேதனக் காட்சியில் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது இடம். இங்கேதான் பெரும்பாலான ஓவியங்கள் சட்டத்தை விட்டு விலகுகின்றன. யூத வழக்கத்தில் விருத்தசேதனம் தேவாலயச் சடங்கே இல்லை. வீட்டிலேயே செய்யலாம், பிற்காலத்தில் ஜெபக்கூடத்திலும் செய்தார்கள். செய்பவர் குருவாக இருக்க வேண்டியதில்லை. அந்த வேலையைக் கற்றுத் தேர்ந்தவருக்கு மோஹெல் என்று பெயர். குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவர் சந்தாக். எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். இன்றைக்கும் எட்டாம் நாளில் உலகம் முழுக்க யூதக் குடும்பங்கள் செய்துவரும் சடங்கு இது. படத்தில் பார்ப்பதை ஏதோ மறைந்துபோன பழங்கால விஷயம் போலப் பேசாதீர்கள்.

ஓவியங்களிலோ ஒரு மாபெரும் கோவில், பலிபீடம், பிஷப்பின் தலையணி போட்ட பிரதான குரு, பக்கத்தில் மரியாள். இதில் மரியாள் நிற்பதுதான் பெரிய சிக்கல். நாற்பது நாள் முடியும்வரை தாய் பரிசுத்த இடத்துக்குள் வரக்கூடாது என்று லேவியராகமம் 12 தெளிவாகச் சொல்கிறது. எட்டாம் நாளில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் மரியாள் நிற்க வழியே இல்லை. இதைக் கவனித்தால் ஓவியரைக் குறை சொல்லத் தோன்றும், அதோடு நின்றுவிடாமல் ஏன் பலிபீடம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கிறிஸ்தவப் பார்வையில் இயேசுவின் இரத்தம் முதன்முதலாகச் சிந்தியது அன்றுதான், சிலுவைக்கு அது முன்னறிவிப்பு. அதனால்தான் ஆல்பிரெக்ட் டியூரர் மரியாளின் ஏழு துயரங்களை வரைந்தபோது விருத்தசேதனத்தையும் ஒரு துயரமாகச் சேர்த்தார். யூதக் குடும்பத்துக்கு அது விருந்து வைத்துக் கொண்டாடும் நாள். ஒரே நிகழ்ச்சி, ஒரு பக்கம் மகிழ்ச்சி, இன்னொரு பக்கம் துயரம். படத்தில் மரியாளின் முகத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இடத்தைச் சரியாகப் பிடித்தவர் ரெம்பிராண்ட். 1661-ல் வரைந்த அவருடைய விருத்தசேதனப் படம் வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் கோவிலே கிடையாது, தொழுவம்தான். மரியாளே குழந்தையைப் பிடித்திருக்கிறாள், மஞ்சள் உடை அணிந்தவர் மண்டியிட்டுச் சடங்கைச் செய்கிறார், பக்கத்தில் ஒருவர் புத்தகத்தில் எழுதுகிறார், பெயரைப் பதிவதாகத்தான் தெரிகிறது. லூக்கா சொல்லாத கோவிலை ரெம்பிராண்ட் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமில் யூதர்கள் நிறைய வாழ்ந்த பகுதியில், யோதன்பிரேஸ்திராத் தெருவில், 1639 முதல் 1658 வரை சொந்த வீட்டில் இருந்தவர் அவர். அண்டை வீட்டுக்காரர்களைப் பார்த்துத்தான் இப்படி வரைந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் யூதர்களைக் கதையில் மட்டும் கேள்விப்பட்டு வரைந்த ஒருவரின் படம் போல எனக்கு அது தோன்றவே இல்லை.

பெயர் வைக்கும் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பல விருத்தசேதன ஓவியங்கள் பிறந்ததே அதனால்தான். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் லூக்கா சிஞ்ஞொரெல்லியின் விருத்தசேதனம் (1490-91 வாக்கில் வரைந்தது) வொல்தெர்ராவில் இருந்த இயேசுவின் திருநாம சபைக்காகச் செய்யப்பட்டது. ஜெனோவாவில் இயேசு சபையின் ஆலயத்துக்கு ரூபென்ஸ் 1605-ல் வரைந்த பலிபீடப் படமும் விருத்தசேதனம்தான். சபையின் பெயரே இயேசு, அந்தப் பெயர் வைக்கப்பட்டது எட்டாம் நாள், அது அன்று திருவிழாவாக வந்தது ஜனவரி 1. இப்படிச் சங்கிலியாகப் போகிறது. ஒரு படத்தைப் பார்த்தவுடன் அது எந்த ஆலயத்துக்கு, யாருக்காக வரையப்பட்டது என்று தேடுங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இனி பாஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பண்டிகை. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் கடைசி இராவுணவுப் படம் எல்லோருக்கும் பழக்கம், லியனார்டோ மிலானில் 1495-லிருந்து 1498 வரை சுவரில் வரைந்ததன் பிரதிதான் பெரும்பாலும். அந்த மேசையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கிட்டே போய்ப் பாருங்கள். உப்பிய உருண்டை ரொட்டி, மீன். யாத்திராகமம் 12 சொல்வது நெருப்பில் சுட்ட ஆட்டுக்குட்டி, புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை. பாஸ்கா நாட்களில் புளித்த மாவு வீட்டிலேயே இருக்கக் கூடாது.

உடனே தவறு என்று எழுதிவிட வேண்டாம், இது கொஞ்சம் ஆழமான விஷயம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அந்த உணவைப் பாஸ்கா உணவு என்கிறார்கள். யோவானின்படி, இயேசுவை ரோம ஆளுநர் பிலாத்துவிடம் கொண்டுபோன காலையிலும் யூதத் தலைவர்கள் இன்னும் பாஸ்கா சாப்பிடவில்லை. அப்படியென்றால் முந்தின இரவு உணவு பாஸ்காவுக்கு முன்னால் நடந்தது, புளித்த ரொட்டி இருந்தால் தப்பில்லை. கீழைத் திருச்சபைகள் பெரும்பாலும் இன்றும் நற்கருணைக்குப் புளித்த அப்பத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ரோமைத் திருச்சபை புளிப்பில்லாததை. 1054-ல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்த சண்டையில் இந்த அப்பமும் ஒரு காரணம். அதனால் கிரேக்க, ரஷ்யத் திருவுருவங்களில் உப்பிய ரொட்டி இருந்தால் அது அவர்கள் நம்பிக்கையோடு ஒத்துப்போகிறது. இத்தாலிய ஓவியத்தில் இருந்தால், ஓவியர் தன் வீட்டு மேசையைப் பார்த்து வரைந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பாஸ்காவைச் சட்டப்படி வரைந்த ஒரு படத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், பெல்ஜியத்தின் லூவென் நகரில் புனித பேதுரு ஆலயத்தில் இருக்கும் டீரிக் பவுட்ஸின் பலிபீட ஓவியத்தைப் பாருங்கள். 1464-ல் ஒப்பந்தம் போட்டபோதே, இரண்டு இறையியல் பேராசிரியர்களைக் கலந்துகொண்டு வரைய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நடுவில் கடைசி இராவுணவு, இரு பக்கமும் பழைய ஏற்பாட்டிலிருந்து நான்கு காட்சிகள், அதில் ஒன்று யூதக் குடும்பத்தின் பாஸ்கா. யாரும் உட்காரவில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறார்கள், காலில் செருப்பு, கையில் தடி, தட்டில் சுட்ட ஆட்டுக்குட்டி, பக்கத்தில் அப்பமும் கீரையும். இடுப்பில் கச்சை கட்டி, காலில் பாதரட்சை போட்டு, கையில் கோல் பிடித்து, அவசரமாகச் சாப்பிட வேண்டும் என்ற வசனத்தை வரிக்கு வரி பார்க்கலாம். எகிப்தை விட்டுக் கிளம்பிய அந்த ஒரு இரவின் அவசரம் அது. பிற்காலத்தில் யூதர்கள் பாஸ்கா இரவில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள், அடிமைகள் இல்லை, சுதந்திர மனிதர்கள் என்று காட்டுவதற்காக. ராவென்னாவில் சாந்த் அபொல்லினாரே நுவோவோ ஆலயத்தின் 6-ம் நூற்றாண்டு மொசைக்கில் இயேசுவும் சீடர்களும் அரைவட்ட மேசையைச் சுற்றிச் சாய்ந்திருப்பது அந்தப் பழைய விருந்து முறைக்கு லியனார்டோவை விட எவ்வளவோ நெருக்கம். அங்கேயும் தட்டில் இரண்டு மீன்தான்.

ஒன்று மட்டும் கவனம். இன்றைய யூத வீடுகளில் நடக்கும் பாஸ்கா இரவு முறையை, அதாவது நான்கு கிண்ணத் திராட்சரசம், ஹகதா (அந்த இரவுக்கான கதையும் ஜெபங்களும் கொண்ட நூல்) வாசிப்பு, தட்டில் வரிசையாக வைக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக் கடைசி இராவுணவின் மேல் வைக்காதீர்கள். 70-ம் ஆண்டில் தேவாலயம் அழிந்து, ஆட்டைப் பலியிட வழியில்லாமல் போன பிறகு ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், ஒழுங்குபடுத்திய வடிவம் அது.

குருக்களின் உடைக்கு வருகிறேன். யாத்திராகமம் 28 பிரதான குருவின் உடையை நுணுக்கமாகச் சொல்கிறது. மார்பில் நான்கு வரிசையில் பன்னிரண்டு கற்கள், அங்கியின் ஓரத்தில் பொன்மணியும் மாதுளம்பழமும் மாறி மாறி. முதலில் ஓரத்தைப் பாருங்கள். மணி தொங்கினால் ஓவியரோ அவருக்கு யோசனை சொன்னவரோ அந்த அதிகாரத்தைப் படித்திருக்கிறார். தலையில் பிஷப்பின் கூர்முனைத் தொப்பியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்ட மாதிரி இரண்டு கொம்பாகத் தெரிந்தால், யூதக் குருவைக் காட்ட ஐரோப்பிய ஓவியர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அது.

சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பக்கச் சுவரில் போத்திச்செல்லி 1481-82-ல் வரைந்த இயேசுவின் சோதனைகளைப் பாருங்கள். சாத்தான் சோதிக்கும் காட்சிகள் பின்னால் சின்னதாக இருக்கின்றன. முன்னால் பெரிதாக நடப்பது ஒரு யூதப் பலி. வெள்ளை உடை அணிந்த இளைஞன் ஒரு பாத்திரத்தைப் பிரதான குருவிடம் நீட்டுகிறான், ஒரு பெண் தலையில் விறகுக்கட்டு சுமந்து வருகிறாள், இன்னொருத்தி பறவைகளைக் கொண்டுவருகிறாள். தொழுநோயிலிருந்து குணமானவருக்கான சுத்திகரிப்பு என்று பலர் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். லேவியராகமம் 14-ல் மண்பாத்திரமும் இரண்டு பறவைகளும் கேதுருக் கட்டையும் வருகின்றன. ஓவியர் கோவிலாகக் காட்டியிருக்கும் கட்டடம் ரோமில் இருந்த தூய ஆவி மருத்துவமனையின் முகப்பு. குணமானவரின் சடங்கு, மருத்துவமனையின் வாசல், இரண்டும் சேரும்போது அந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே தெரிகிறது.

எபிரேய எழுத்து கண்ணில் பட்டால் பெரிதாக்கிப் பாருங்கள், பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களில் கோடு கோடாகத் தெரியும் அளவுக்குப் படங்கள் கிடைக்கின்றன. 22 எழுத்துதான், ஒரு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். பல படங்களில் இருப்பது எழுத்தே இல்லை, எபிரேயம் போன்ற தோற்றத்துக்காகப் போட்ட வெறும் கொக்கிகள். லண்டனில் இருக்கும் ரெம்பிராண்டின் பெல்ஷாத்சார் விருந்தில் (பாபிலோன் ராஜாவின் விருந்தில் சுவரில் திடீரென்று எழுத்து தோன்றும் வேதாகமக் காட்சி) உண்மையான எழுத்துகளே இருக்கின்றன, மெனே மெனே தெக்கேல் உப்பார்சின் என்ற வார்த்தைகள், ஆனால் வலமிருந்து இடமாக வரியாக இல்லாமல் மேலிருந்து கீழாக. ராஜாவின் ஞானிகளால் ஏன் வாசிக்க முடியவில்லை என்பதற்கு, ரபிகளின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூத் நூலில் வரும் ஒரு விளக்கம் இது. ஆம்ஸ்டர்டாம் ரபி மெனாசே பென் இஸ்ரவேலோடு ரெம்பிராண்டுக்கு இருந்த தொடர்பை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். கடைசி எழுத்தில் மட்டும் ஒரு பிழை: நூன் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஸாயின் என்ற எழுத்து இருக்கிறது.

கூம்புத் தொப்பி, மஞ்சள் துணி, மஞ்சள் வட்டம் இவற்றைப் பார்த்தால் அவை வேதாகமக் காலத்து உடை இல்லை என்பதை மறக்க வேண்டாம். 1215-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் யூதர்கள் உடையால் தனித்துத் தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் அடையாளம்தான் ஓவியத்தில் யோசேப்பின் தலையிலும் தீர்க்கதரிசிகளின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது. யூதச் சடங்கு என்ற பெயரில் வரைந்தவை எல்லாமே யூதச் சடங்கு இல்லை, சில முழுப் பொய். 1475-ல் இத்தாலியின் திரெண்ட் நகரில் சீமோன் என்ற சிறுவன் இறந்து கிடந்தபோது, பாஸ்காவுக்கு இரத்தம் எடுக்க யூதர்கள் கொன்றார்கள் என்று பழி சுமத்தி, சித்திரவதை செய்து, பலரைக் கொன்றார்கள். மரக்கட்டை அச்சுப் படங்களாகவும் சுவர் ஓவியங்களாகவும் அந்தப் பொய் ஊர் ஊராகப் போனது, 1493-ல் வந்த நூரெம்பெர்க் நாளாகமம் என்ற உலக வரலாற்று நூலிலும் அச்சானது. அந்தப் படங்களில் குழந்தையைச் சுற்றி நிற்பவர்களின் அமைப்பைப் பாருங்கள், விருத்தசேதனக் காட்சியின் அமைப்பை அப்படியே எடுத்துக் கொலையாக மாற்றியது போல இருக்கும். இரத்தத்தைச் சாப்பிடவே கூடாது என்று லேவியராகமம் 17 தடுத்திருக்கும் ஒரு மக்கள் மேல் இப்படி ஒரு பழி. கத்தோலிக்கத் திருச்சபை அந்தச் சிறுவனுக்கான வழிபாட்டை நிறுத்தியது 1965-ல்தான். ஊர்பினோவில் பாவொலோ உச்செல்லோ 1460-களில் வரைந்த நற்கருணை அவமதிப்புப் படங்களும் (யூதர்கள் நற்கருணை அப்பத்தை அவமதித்தார்கள் என்ற பழியின் படங்கள்) இதே வகை: ஒரு யூதக் குடும்பத்தை, குழந்தைகளோடு சேர்த்து, கம்பத்தில் கட்டி எரிக்கும் காட்சி அழகான வண்ணத்தில் இருக்கிறது. இவற்றைப் பற்றி எழுதும்போது யூதச் சடங்கைக் காட்டும் ஓவியம் என்று தலைப்புப் போடாதீர்கள். பொய்ப் பழியைக் காட்டும் ஓவியம் என்று நேராகவே எழுதுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு யூதர்கள் தங்களுக்காகவே செய்துகொண்ட படங்களையும் ஒரு தடவை பாருங்கள், அப்போதுதான் எது விட்டுப்போயிருக்கிறது என்று புரியும். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பொன் ஹகதா, 1320 வாக்கில் கத்தலோனியாவில் செய்தது, நல்ல தொடக்கம். பொன்முலாம் பூசிய பின்னணி, உயரமான மெல்லிய உருவங்கள், அன்றைய கிறிஸ்தவச் சுவடிகளின் பாணிதான். அதன் படப் பக்கங்களின் முடிவில் பாஸ்காவுக்குத் தயாராகும் ஒரு வீடு வருகிறது. ஒருவர் புளிப்பில்லா அப்பத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறார், ஆட்டைத் தயார் செய்கிறார்கள், பாத்திரங்களைக் கழுவுகிறார்கள், ஒரு துணுக்குப் புளித்த மாவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று வீட்டைப் பெருக்குகிறார்கள். நான் பார்த்த எந்தக் கிறிஸ்தவ ஓவியத்திலும் அந்தத் துடைப்பம் இல்லை.